கிரேனில் தொங்கிய வட்டக் காந்தம்

பழைய இரும்புக் கிடங்கில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழன்று விழுந்த வட்டக் காந்தம் ஒன்று கிடந்தது. ஏழெட்டு ஆணிகள் எப்போதும் அதைவிட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே, கிரேனில் தொங்கியது பெரிய மின்காந்தம்.

ஒருநாள் காலை கரண்ட் போனது. மின்காந்தம் தூக்கியிருந்த தகரமெல்லாம் தடதடவென்று கீழே விழுந்தது.

"பார்த்தீங்களாடா?" என்று ஆணிகளிடம் சொன்னது வட்டக் காந்தம். "அண்ணன் ஆள்தான் பெருசு. கரண்ட் இல்லேன்னா வெறும் இரும்பு. நான் இன்னிவரைக்கும் யார்கிட்டயும் கையேந்தினது கிடையாது. பிடிச்சா பிடிச்சதுதான்!"

கரண்ட் வந்தது. மின்காந்தம் கீழே இறங்கி, தகரத்தோடு வட்டக் காந்தத்தையும் சேர்த்து அள்ளி, லாரிக்கு மேலே கொண்டுபோனது. கிரேன் ஓட்டுபவர் ஸ்விட்சை அணைத்தார். தகரமெல்லாம் லாரியில் கொட்டியது. வட்டக் காந்தமும் அதன் ஆணிகளும் மட்டும் விழவில்லை.

"பார்த்தீங்களாடா!" என்று மார்தட்டியது வட்டக் காந்தம். "அண்ணனுக்கே என்னை விட மனசு வரலை!"

"நான் அப்பவே விட்டுட்டேன் தம்பி," என்றது மின்காந்தம். "நீதான் என்னைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே."