மாறாத பதிப்பு

வசுமதிக்குப் பார்வை குறையத் தொடங்கியதிலிருந்து, அவள் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் கணினியைக் கணவன் தணிகைவேல் மாற்றிக்கொண்டே இருந்தான். அதில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தில் எதையும் மாற்றலாம். எழுத்தைப் பெரிதாக்கினான். பின்னணியைக் கறுப்பாக்கிப் பிறகு மஞ்சளாக்கினான். மேலே இருந்த மெனுவை இடப்பக்கம் கொண்டுவந்தான். ஞாயிறுதோறும் அவன் ஒன்றை மாற்ற, திங்கள்தோறும் அவள் மூக்கு திரையில் உரசும்படி குனிந்து தன் கோப்பைத் தேடினாள்.

ஒரு திங்கள் காலை அவள் தேடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னங்க, இனிமே எதையும் மாத்தாதீங்க. எது எங்க இருக்குன்னு கையாவது பழகிக்கட்டும்."

"இதைவிட நல்லா தெரியிற தீம் ஒண்ணு இருக்கு வசு. இந்த ஒரு தடவை மட்டும்..."

"தெரியாதுங்க. கோளாறு ஸ்கிரீன்ல இல்லையே."

பார்வை முழுதும் போய்விடும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கணவனும் மனைவியும் அதைப் பேசியதில்லை. அந்தத் திங்களன்று அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு, தான் செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் அழித்தான். அலங்காரமில்லாத, எளிதில் மாறாத ஒரு லினக்ஸ் பதிப்பை நிறுவினான். அவளுக்கு வேண்டிய நான்கு கோப்புகளுக்கு அவள் சொன்ன நான்கு விசைகளை ஒதுக்கினான். இனி அவளுக்காகச் செய்ய ஒன்றுமில்லை என்று தோன்றியபோதுதான் உடம்பு முழுவதும் அசதி இறங்கியது.

"இது எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்?"

"அஞ்சு வருஷம்."

"அவ்வளவு தேவைப்படாது" என்றாள் வசுமதி. கண்களை மூடிக்கொண்டு, விரலால் தடவி, முதல் விசையை அழுத்தினாள்.

"திறந்துடுச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.