நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

"ஆறு மாசத்துல ரப்பர் இப்படி நார் நாராக் கிழியுமா? நீயே சொல்லு மச்சான்!"

வீட்டு முற்றத்தில் பழைய பிக்கப் வண்டி முன்பக்கம் ஜாக்கில் ஏறி நின்றது. அதன் அடியிலிருந்து முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்த வண்டிக்காரர், கழற்றிய புஷ்ஷை மனைவியின் தம்பி மூக்குக்கு நேராக நீட்டினார். சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கும் வண்டிக்கும் நடுவே மெத்தையாக இருக்க வேண்டிய ரப்பர் அது. எலி கடித்துத் துப்பியது போல் இருந்தது.

"வண்டி பழசு மாமா. ரோடும் அப்படி."

"நான் காலையில ஓட்டுற அதே ரோடுதானே நீ மத்தியானத்துக்கு மேல ஓட்டுற? ஒர்க்‌ஷாப்காரன் மாட்டினது மூணு வருஷம் ஓடுச்சு. நான் பார்த்துப் பார்த்து என் கையால மாட்டினது ஆறு மாசமா? எனக்குத் தெரியாம என்ன பாரம்டா ஏத்துற? மலையையா?"

"நீங்க ஏத்துற பாரம்தான் மாமா நானும்."

அதற்குள் மனைவி டீயோடு வந்தாள். கிழிந்த புஷ்ஷைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"எங்கப்பா பட்டறையில, வண்டியத் தரையில இறக்கி நிறுத்தித்தான் கடைசி இறுக்கு இறுக்குவாங்க. தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து..."

"ஆரம்பிச்சிட்டியா உங்கப்பா புராணத்தை? தம்பியைக் காப்பாத்த உனக்கு ஒரு சாக்கு. டீயை வெச்சிட்டு நகரு."

அவள் டீயை வைத்தாள். நகரவில்லை.

வண்டிக்காரர் சும்மா சந்தேகப்படுகிற ஆள் இல்லை. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா பார்த்துவிடலாம் என்று, போன தடவை புஷ் மாட்டிய கையோடு ஒரு வேலை செய்திருந்தார். மனைவியின் நெயில் பாலீஷை எடுத்துப் போய், ஒவ்வொரு நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்கே ஒரே இழுப்பாகச் சிவப்புக் கோடு போட்டு வைத்தார். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இடப்பக்கம் கழற்றும்போது கோடு உடையாமல் இருந்தது. இப்போது டார்ச்சோடு வலப்பக்கம் ஊர்ந்து போனார். வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். நட்டின் மேல் பாதிக் கோடு, அதற்கு எட்டாத தூரத்தில் ஆர்மின் மேல் மீதிக் கோடு.

"மச்சான், இங்க வா. இதை யாரு கழற்றினது?"

மச்சான் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அக்காவை ஒரு தரம் பார்த்தான். மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவளை எதுக்குப் பார்க்குற? அவளா வந்து உனக்குச் சாட்சி சொல்லுவா?"

"நான் தொடலை மாமா."

"அப்போ பேய் வந்து ஸ்பேனர் பிடிச்சுதா? இந்த வீட்ல ஸ்பேனர் தொடுற ஆளுங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தன் நான்!" அவர் குரல் ஏறியது. "புதுசைக் கழற்றி வித்துட்டு, எவனோ தூக்கிப் போட்ட பழசைத் திணிச்சிருக்க. அதான் வண்டி இந்த ஆட்டம் ஆடுது. சோறு போடுற வண்டியிலேயே கை வெச்சிட்டியே! சாவியை வை."

அந்தச் சாவிதான் மச்சானின் பிழைப்பு. அதை நம்பித்தான் பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு அவன் குடித்தனம் ஓடியது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பானெட் மேல் வைத்தான்.

அவன் வாதாடாதது அவர் சந்தேகத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றியது. மடியில் கனம் இல்லாதவன் இப்படியா வாயை மூடிக்கொள்வான்?

"இரு, உன் எதிர்லயே கழற்றிக் காட்டுறேன்."

நட்டைத் திருகினார். போல்ட்டைச் சுத்தியலால் தட்டி உருவினார். ஆர்மை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, துணியால் அழுக்கைத் துடைத்தார்.

ரப்பர் புதுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. நடுவிலிருந்த இரும்புக் குழாயின் விளிம்பில், மாட்டும் முன் ஆணியால் அவரே கீறிய பெருக்கல் குறிகூட அப்படியே இருந்தது. அவர் வாங்கிய அதே புஷ்.

யாரும் தொடாத இடப்பக்கம் கந்தலாகிக் கிடக்கிறது. எவனோ கை வைத்த வலப்பக்கம் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது. வண்டிக்காரர் இரண்டு புஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதையும் எடுக்கலைன்னா பின்ன எதுக்குடா கழற்றினான்?" என்று தனக்குத்தானே முனகினார்.

மனைவி பானெட் மேலிருந்த சாவியை எடுத்துத் தம்பியின் சட்டைப் பையில் போட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நீங்க மாட்டின அன்னைக்கே, தொங்கவிட்டு நீங்க இறுக்கின நட்டை, வண்டி தரையில நிக்கும்போது இளக்கி மறுபடி இறுக்கினேங்க, இடப்பக்கம் போறதுக்குள்ள நீங்க மத்தியானத் தூக்கம் கலைஞ்சு எழுந்துட்டீங்க," என்றாள். "உடைஞ்ச கோட்டை அழிச்சிட்டுப் புதுசாப் போட்டு வைக்கலாம்னுதான் பார்த்தேன், என் நெயில் பாலீஷை ஒரு சொட்டு விடாம நீங்கதானே காலி பண்ணி வெச்சிருந்தீங்க!"