பத்தேரியின் ஊமைத் தம்பி

"உன் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேக்காதா, அண்ணி?"

கேட்டுக்கொண்டே நிஹாலா முற்றத்தில் வந்து உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரன். பத்தேரியின் செத்துப்போன கணவனுக்குச் சித்தப்பா மகன்.

"பேச்சும் வராது, கொழுந்தனாரே. அம்மா வீட்ல பார்த்துக்க ஆள் இல்லைன்னு இங்கே அனுப்பிட்டாங்க."

"சண்டை முடிஞ்ச கையோட அனுப்பிட்டாங்களாக்கும்."

பத்தேரி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

பானிபட்டில் மராட்டியர் படை தோற்றுச் சிதறிய மறுநாள், அவள் கடுகு வயலில் தோளில் வெட்டுக்காயத்தோடு கிடந்தவன் கோண்டாஜி. அவன் படைக் குதிரைகள்தான் அவளுடைய கோதுமையை முளையிலேயே மேய்ந்து தீர்த்தவை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுத்தான் நடந்தாள். வரப்பு வரைக்கும் போனவள் திரும்பி வந்து தூக்கினாள். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வான் என்று அவனை ஊமையாக்கியதும் அவள்தான்.

தப்பியவர்களை, சண்டையில் வென்ற ஆப்கான் குதிரைக்காரர்கள் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊரில் ஒருவனை ஒளித்துவைத்த வீட்டையே கொளுத்திவிட்டார்கள்.

நிஹாலாவோ விடுவதாயில்லை. தினமும் வந்தான்.

"நம்ம ஜாட் சாதிப் பிள்ளை, ஹூக்கா புகைக்கத் தெரியலையே?"

இன்னொரு நாள், "கடுகுக்கீரையைக் கண்டா முகத்தைச் சுளிக்கிறானே, உங்க ஊர்ல வேற என்னத்தைத் தின்பீங்க?"

ஊர்க் கூட்டத்திலும் அவன் குரல்தான் ஓங்கியிருந்தது. "நம்ம பயிரைத் தின்னவங்க. ஒருத்தன் கையில சிக்கினாலும் நானே இழுத்துட்டுப் போய் ஒப்படைப்பேன்."

ஒருநாள் காலை நிஹாலா கோண்டாஜிக்குப் பின்னால் நின்று பித்தளைக் குடத்தைக் கல்தரையில் போட்டான். கோண்டாஜி திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கிவிட்டது.

நிஹாலா அதைப் பார்த்தான். பத்தேரியையும் பார்த்தான். குடத்தை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"மோசம் போயிட்டோம்" என்றாள் பத்தேரி. "இருட்டினதும் கிளம்பிடு."

இருட்டும்வரை நிஹாலா காத்திருக்கவில்லை. மத்தியானமே வந்தான். உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டான்.

பத்தேரி தீவனம் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு அடி எடுத்து வச்சா நல்லா இருக்காது, கொழுந்தனாரே."

"கத்தியைக் கீழே போடு. உன் தம்பி பேசுவான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?"

நிஹாலா தெருப்பக்கம் ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டான். குரல் தழைந்தது.

"அவனைக் கொஞ்சம் என் வீட்டுக்கு அனுப்பு. என் வைக்கோல் அறையில ஒருத்தன் காய்ச்சல்ல கிடக்கான். சண்டை அன்னிலேர்ந்து வச்சிருக்கேன். மராட்டி பாஷையில எதையோ விடாம கேக்கறான், எங்களுக்குப் புரியலை. சாகறதுக்குள்ள அதைக் கொடுத்துடணும், அண்ணி."