காற்று எடுக்காத வண்டி

மைதானத்து ஓரக் கொட்டகையில் புல்வெட்டும் வண்டி உறுமுகிறது, ஆனால் ஓர் அடிகூட நகரவில்லை. அதன் கியர்ப்பெட்டிக்குக் காலையில் புது எண்ணெய் மாற்றியவன் அண்ணன். இப்போது கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "நீ மிதிச்ச மிதியிலதான் பெட்டி போச்சு. நாளைக்கு ஆட்டம் நடந்த மாதிரிதான். கிளப் செயலாளர்கிட்டயும் சொல்லிட்டேன்," என்கிறான். பன்னிரண்டு வருஷமாக இந்தப் புல்லைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்குக் காதுமடல் கொதிக்கிறது. "எண்ணெய் மாத்தினியே, உள்ள போன காத்த எடுத்தியா?" "எந்தக் காத்து?" எஞ்சினை அணைக்கிறாள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் பின்சக்கரங்களைத் தூக்குகிறாள். கியர்ப்பெட்டியிலிருந்து சக்கரங்களை விடுவிக்கும் பின்பக்கக் கம்பியை வெளியே இழுத்துவிட்டு மறுபடி கிளப்புகிறாள். பெடலை முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று அழுத்துகிறாள். கோபம் ஆறவில்லை, ஆனாலும் கால் அவசரப்படவில்லை. எண்ணெய் ஊற்றும் வாயில் நுரை பொங்கிக் குமிழ் குமிழாக வெடிக்கிறது. கம்பியை உள்ளே தள்ளி மீண்டும் மிதிக்கிறாள். கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் சக்கரம் ஒரு தரம் சிலிர்த்து, தயங்கி, சுற்றத் தொடங்குகிறது. "அட, நானும் அதத்தான் நெனச்சேன்," என்கிறான் அண்ணன். குறைந்த எண்ணெயை நிரப்பி, ஜாக்கியை இறக்கி, கட்டையை எடுத்துவிட்டு அவள் ஏறி உட்காருகிறாள். வண்டி நேரே கதவுக்கு வருகிறது. "ஏய், நிக்கறேன்ல!" "அதான் தெரியுதே. தள்ளு." அவன் துள்ளி விலகுகிறான். முதல் வரிசைப் புல் சாய்ந்த பிறகும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வரிசை நூல் பிடித்தது போல நேராக இருக்கிறது.