ஓடுவதே தெரியாத பம்பு

"மாடிக் குழாயில தண்ணி நூல் மாதிரி வருது. ஒரு பிரஷர் பம்பு வேணும்," என்றார் அவர். கடைக்குள் நுழைந்ததிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கடைக்காரர் புதுப் பம்பு ஒன்றின் குழாயை வாளித் தண்ணீரில் விட்டு ஓட்டிக் காட்டினார். "மேல குழாயைத் திறந்தா தானா ஓடும், மூடினா தானா நிக்கும். ஓடுறதே தெரியாது சார்."

"தெரியணுமே. நல்லா சத்தம் போடுறதா எடுங்க."

கூட வந்த மனைவி பல்லைக் கடித்தாள். "மாடியில இவரோட அண்ணன் இருக்காருங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதுக்காக அவர் தூக்கத்தைக் கெடுக்கணுமா, நீங்களே சொல்லுங்க."

"பாவம் சார் அதெல்லாம்," என்றார் கடைக்காரர். "பம்பை எங்க வைக்கப் போறீங்க?"

"கீழதான். எங்க படுக்கையறை ஜன்னலுக்கு வெளியில."

"அப்போ உங்க தூக்கம்தானே போகும்?"

"போகட்டும்." அவர் பம்பைப் பார்த்தபடியே பேசினார். "அண்ணி தவறினதுக்கப்புறம் அவர் மேல தனியாத்தான் கிடக்காரு. நான் கதவைத் தட்டினா திறக்க மாட்டாரு, போன் பண்ணா எடுக்க மாட்டாரு. காலையில முகம் கழுவக் குழாயைத் திறந்தாருன்னா அது எனக்குக் கீழ கேக்கணும். கேட்டாத்தான் அன்னிக்கு எனக்கு வேலை ஓடும்."

கடைக்காரர் புதுப் பம்பை ஓரமாக நகர்த்தினார். உள்ளேயிருந்து பழைய மாடல் ஒன்றைத் தூக்கிவந்து ஓட்டினார். கடையே அதிர்ந்தது.

மனைவி காதைப் பொத்தவில்லை. "இதைவிடச் சத்தமா ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.