பதினஞ்சு நிமிசம்

கோப்பைப் போட்டியின் முதல் சுற்று. மைதானத்தில் ஒரு டீம் மட்டும் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருந்தது. கேலரியில் லட்சுமணசாமி மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, எதிர் டீம் இன்னும் வரலீங்களா?” பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கேட்டார்.

“பதினஞ்சு நிமிசம் பாப்பாங்க. ஏழு பேர் வந்துட்டாலே ஆட்டத்தை ஆரம்பிச்சிருவாங்க.”

“வராட்டி?”

“வந்த டீம் ஜெயிச்சதா எழுதிப்போட்டுப் போயிருவாங்க.”

“அப்ப ஆடாமயே நம்ம டீம் ஜெயிச்சிருமுங்க! அதுக்கு ஏனுங்க மூஞ்சி தொங்கிப்போச்சு?”

ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார். மைதானத்தில் இருந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

“பாத்தீங்களா, ஜெயிச்சுப்போட்டோம்!”

“அவங்கதானுங்க எதிர் டீம். வராதது நம்ம டீம்.”

“பஸ்ஸு லேட்டுங்களா?”

“மில்லு மூடினதோட நம்ம கிளப்பையும் கலைச்சுப்போட்டாங்க. நாப்பது வருசம் ஆடுன பேரு விட்டுப்போகக் கூடாதுன்னு நாந்தான் போட்டிக்கு எழுதிக் குடுத்தேன்.”

பையைத் திறந்தார். உள்ளே ஏழு ஜெர்சிகள் துவைத்து மடித்தபடி இருந்தன.

“பழைய ஆளுக ஏழு பேர்த்துக்கும் போன் பண்ணுனேன். அத்தனை பேரும் ‘கண்டிப்பா வாரனுங்க’ன்னாங்க. மாட்டேன்னு சொன்னா நான் வருத்தப்படுவேன்னு நெனச்சுப்போட்டாங்க போல.”