பன்னிரண்டு மணிப் பூட்டு

“மறுபடியும் பூட்டிக்கிச்சு! யாராவது வேணும்னே பண்றாங்கன்னு தெரிஞ்சுதோ, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்!”

உள்ளறையிலிருந்து ஆர்விட் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் முப்பது வருடமாகப் படகு மோட்டார் உதிரிபாகம் விற்பவர். பகல் பன்னிரண்டுக்குக் காபி எடுக்க எழுந்து போவார். திரும்பி வந்து பாஸ்வேர்டு அடித்தால் திரை திறக்காது. அரை மணி கழித்துத் தானாகவே திறக்கும். இந்தக் கூத்து தினமும்.

தொப்பியை மாட்டிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

கடையின் சர்வரையும் ஏழு கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை நொரீன் கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. “ஒரு மணி நேரத்துல நான் கண்டுபிடிக்காத கோளாறு இன்னும் பிறக்கலை” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவள்.

இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

யார், எப்போது, எந்த கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வரப் பார்த்தார்கள் என்று சர்வர் ஒன்று விடாமல் குறித்து வைக்கும். தினமும் பன்னிரண்டுக்கு ஆர்விட் பெயரில் யாரோ ஐந்து முறை தப்பான பாஸ்வேர்டு அடிக்கிறார்கள். ஐந்து தப்பு என்றால் அரை மணி பூட்டு. அடிப்பது அவர் கம்ப்யூட்டரில் அல்ல, வாசல் மேஜையில்.

வாசல் மேஜை மேவிஸுடையது. இருபத்திரண்டு வருடமாக அங்கேயே உட்கார்ந்து போன் எடுப்பவள். பேருக்கு வரவேற்பாளர், உள்ளுக்குள் இப்படி!

நொரீன் பிரின்ட் எடுத்த தாளை அவள் முன்னால் பொத்தென்று போட்டாள்.

“இதுக்கு என்ன சொல்றீங்க?”

மேவிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“பரவாயில்லையே! உனக்கு முன்னாடி இருந்தவன் நாலு மாசம் தேடினான். கேபிளைத்தான் மாத்தி மாத்திப் போட்டான்.”

“சிரிப்பு வருதா? முதலாளி கணக்குல கை வைக்கறீங்க. அவர் வந்ததும் சொல்லப் போறேன்.”

“சொல்லு தாயே. அதுக்கு முன்னாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பாரு.”

ஏரிக்கரைப் பாதையில் ஆர்விட் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி யாரையோ திட்டுகிறார். ஓரடி பின்னால், அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் மனைவி கரோல்.

“போன செப்டம்பர்ல மாரடைப்பு. தினமும் நடக்கணும்னு டாக்டர் சொன்னாரு, கேக்கலை. கரோல் அழுதா, கேக்கலை. கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாத்தானே? அதான் எழுப்பி விடறேன்.”

நொரீன் மேஜையிலிருந்த தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “தப்பு பாஸ்வேர்டுன்னு என்னதான் அடிப்பீங்க?” என்றாள்.

“‘எழுந்து நட கிழவா.’ அஞ்சு தடவையும் அதேதான்.” மேவிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். “சொன்னா என் வேலை போகும். போகட்டும். அவர் நடக்கறதும் நின்னுடுமே, அதுதான்.”

பன்னிரண்டரைக்கு ஆர்விட் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தார். நொரீனை உள்ளே கூப்பிட்டார்.

“என்ன, ஒரு மணி நேர மகாராணி? கண்டுபிடிச்சீங்களா?”

நொரீன் தன் பெருமையைப் பெரிய மாத்திரைபோல் விழுங்கினாள்.

“இல்லை. பிடிபடலை. சர்வருக்கு வயசாயிடுச்சு. தினமும் அரை மணி இப்படி விட்டுட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்.”

ஆர்விட் அவளையே பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்த அரை மணியை முக்கால் மணி ஆக்க முடியுமா? பாலம் வரைக்கும் போய்த் திரும்ப நேரம் போதலைன்னு கரோல் சொல்றா. மேவிஸுக்கு மட்டும் தெரிய வேண்டாம். பாவம், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.”